சொன்ன தேதிக்கு வராத தொழில்நுட்பத்துக்கு மாற்று ஏற்பாடு என்ன?

பேரேடு (காரைக்குடி)

இந்த மன்றத்தின் மின் கட்டண இழையில் (உரையாடல் தொடரில்) பேச்சு திசைமாறிப் போனதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

கேள்வி ஒன்றுதான். தூய ஆற்றலுக்கு மாறிவிடுவோம் என்று நாடுகள் தேதி குறித்திருக்கின்றன. விடும் புகையும் திரும்ப எடுக்கும் புகையும் சமமாகும் நிகர பூஜ்ஜிய நிலைக்கு, இந்தியா 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2070 என்றது. இந்தத் திட்டங்களில் பெரும்பகுதி, முழு அளவில் இன்னும் ஓடிக் காட்டாத சாமான்களை நம்பி எழுதியது. அவை வராவிட்டால் என்ன செய்வோம் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா?

சர்வதேச எரிசக்தி முகமை 2021 மே மாதம் வெளியிட்ட நிகர பூஜ்ஜியப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2050-ல் குறைய வேண்டிய புகையில் ஏறக்குறையப் பாதி, அன்றைக்குச் சோதனை நிலையில் மட்டும் இருந்த தொழில்நுட்பங்களின் கணக்கில் இருந்தது. 2023-ல் திருத்தி எழுதியபோது அது சுமார் 35 சதவீதமாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் வரவேண்டிய பாக்கி.

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2018 அறிக்கை, புவி சூடாவதை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் இந்த நூற்றாண்டுக்குள் 10,000 கோடி டன் முதல் ஒரு லட்சம் கோடி டன் வரை கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்றது. காடு வளர்ப்பதும் அதில் சேர்த்திதான். இயந்திரம் வைத்து எடுப்பதில் பேர்போன ஆலை 2021-ல் ஐஸ்லாந்தில் திறந்தது. அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 டன். உலகம் ஆண்டுக்கு விடும் புகையோ 3,700 கோடி டன் பக்கம்.

எங்கள் ஐயா காலத்து வட்டிக்கடையில், வராக்கடனுக்கு ஒதுக்காமல் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) எடுத்தால் மேலாளை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நிலக்கரி நல்லதா கெட்டதா சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

---

மின்மினி99 (அழகப்பா வளாகம்)

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. "வேண்டாம்"னு நீங்க சொன்னாலும் இந்தக் கேள்வியே நிலக்கரிக்காரங்க கேக்குற கேள்விதான். வந்தா என்ன, வராட்டி என்னன்னு இழுத்துக்கிட்டே பத்து வருஷத்த ஓட்டிடுவாங்க.

நடந்தது என்னன்னு பாருங்க. சோலார் பேனல் விலை 2010-லேர்ந்து பத்து வருஷத்துல பத்துல ஒரு பங்காச்சு. ஒரு யூனிட் கரண்ட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி 2010-ல 1,000 டாலருக்கு மேல. 2024-ல 115 டாலர். நீங்க மேற்கோள் காட்டுற அதே முகமை சோலார் வளர்ச்சியை வருஷா வருஷம் குறைச்சே கணிச்சு ஏமாந்துச்சு. 2030-ல எட்டுவோம்னு சொன்ன பாதி மின்திறனை, அதாவது புதைபடிவ எரிபொருள் இல்லாத பாதியை, இந்தியா 2025-லயே எட்டியாச்சு. வரலேன்னா என்னன்னு கேக்குறதுக்குள்ள அது வந்து வாசல்ல நிக்குது.

---

தெக்கத்திக்காத்து (தேவகோட்டை)

தம்பி, மின்திறன் வேற, மின்சாரம் வேற. ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி பராமரிப்புல காலம் தள்ளுனவன் சொல்றேன். நிறுவுன திறன்ல பாதி வந்துருச்சு, சரி. ஆனா நாட்டுல ஓடுற யூனிட்ல நாலுல மூணு பங்கு பக்கம் இன்னும் நிலக்கரிதான்.

காத்து வைகாசியிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் அடிக்கும். ஆடியில அது அடிக்கிற அடிக்கு, வாங்க ஆளில்லாம மெஷினை நிறுத்தச் சொன்ன காலமெல்லாம் உண்டு. ஐப்பசி பொறந்தா சுத்துறதே தெரியாது. 2012-ல நம்ம பக்கம் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாம கெடந்தோம்னு இங்க இருக்குற பெரியவங்களைக் கேளுங்க. காரைக்குடியில இன்வெர்ட்டர் பேட்டரி விக்காத கடையே இல்ல அப்ப. காத்தாலைத் திறன்ல நாட்டுலயே முன்னாடி நின்ன மாநிலம் நாமதான் அன்னைக்கும்!

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டோட உச்சத் தேவை 20,830 மெகாவாட். பகல்ல வெயில் கைகொடுக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு ஏசி போடும்போது வெயிலை எங்க போய்த் தேடுறது? கடம்பாறையில தண்ணியை மேல ஏத்தி வச்சு, வேணுங்கிறப்ப எறக்கி 400 மெகாவாட் எடுக்குறாங்க. எண்பதுகள்ல கட்டுனது. அந்த மாதிரி பத்து இருந்தா நான் இந்த இழைக்கே வந்திருக்க மாட்டேன்.

---

புதுவயல் உமி (புதுவயல்)

நான் படிச்சவன் இல்ல, மில்லு நடத்துறவன். ஐ.பி.சி.சி. எல்லாம் தெரியாது. என் கூரையில நடந்ததைச் சொல்றேன்.

ஷெட்டு மேல சோலார் போட்டோம். போட்டவங்க பேரு வேணாம். போட்ட மாசமே ஒரு பகல்ல லைன் போச்சு. வெயில் கொளுத்துது, பேனல் தகதகன்னு கெடக்கு, மில்லு இருட்டு. லோடு எறக்க வந்த பையன், "மொதலாளி, மேல இருக்குறது அழகுக்கா?"ன்னு கேட்டான். கூப்பிட்டுக் கேட்டா, லைன் செத்தா இந்த இன்வெர்ட்டரும் தானா நின்னுடும், இல்லேன்னா கம்பத்துல வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிச்சிரும்ங்கறாங்க. நியாயம்தான். அதை விக்கும்போது சொல்லணுமா இல்லையா?

புழுங்கல் அரிசி ஆலைல கரண்ட் போனா என்ன ஆகும்னு வெளியாளுக்குத் தெரியாது. தொட்டியில நெல்லு ஊறிக்கிட்டு இருக்கும். நேரம் தாண்டுச்சுன்னா புளிச்ச வாடை ஏறிடும். அந்த அரிசியை எவன் வாங்குவான்? அதைவிட பயம் பாய்லர். ஆவி வர்றது உமியில, கரண்டுல இல்ல. ஆனா பாய்லருக்குத் தண்ணி தள்ளுற ஃபீட் பம்பு கரண்டுல ஓடுது. லைன் போனாலும் உள்ள உமி எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், தண்ணி மட்டும் எறங்கிக்கிட்டே வரும். ஃபயர்மேன் கண்ணு அந்தக் கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டத்தை விட்டு நகராது.

அதனால எங்க ஜெனரேட்டர் மில்லு முழுக்க ஓட்டுற சைஸ் கெடையாது. ஃபீட் பம்பு, பாய்லர் ஃபேன், தொட்டி மோட்டார், நாலு லைட்டு. இதுக்கு மட்டும். அரவை நின்னா நிக்கட்டும், அரிசி நாளைக்கு அரைக்கலாம். எது நிக்கவே கூடாதுன்னு மொதல்ல எழுதுங்க. அப்புறம் எதை வச்சு ஓட்டுறதுன்னு பேசலாம்.

---

பேரேடு

உமி அண்ணன் சொன்னதை நான் ஒன்றரைப் பக்கம் எழுதியும் சொல்லியிருக்க மாட்டேன். நாட்டுத் திட்டத்தில் அந்த முதல் தாளே இல்லை என்பதுதான் என் புகார். ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், உரம், ரயில், உருக்கு. இதில் எது நிற்கக்கூடாது, எது ஒரு நாள் நிற்கலாம் என்று வரிசை போடாமல், மொத்தமாக இத்தனை கிகாவாட் என்று மட்டும் எழுதுகிறார்கள்.

---

சோதனைக்குழாய் (காரைக்குடி)

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மின்வேதியியல் என்றால் என்ன என்று கேட்டால் சொல்ல ஊரில் ஆள் இல்லாத காலம் அது.

மின்மினி சொல்வதும் சரி, பேரேடு சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு சாமானைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பேனல், பேட்டரி எல்லாம் ஒரே மாதிரி லட்சக்கணக்கில் தொழிற்சாலையில் அடிப்பது. ஒன்றில் கற்றது அடுத்ததில் சேரும், விலை சரியும். புகையிலிருந்து கரிவாயு (கரியமில வாயு) பிடிக்கும் ஆலை, ஓடும்போதே புது எரிபொருளும் உண்டாக்கும் அணு உலையான வேக ஈனுலை எல்லாம் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தனித்தனியாகக் கட்டுவது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக் கெம்பர் ஆலை நிலக்கரியை வாயுவாக்கிப் புகையைப் பிடிக்கப் போகிறது என்றார்கள். செலவு 750 கோடி டாலர் வரை ஏறியது. 2017 ஜூனில் அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டு இயற்கை எரிவாயுவில் ஓட்டுகிறார்கள். டெக்சாஸில் பெட்ரா நோவா என்ற கரிவாயு பிடிப்பு ஆலை 2017-ல் ஓடத் தொடங்கியது. அங்கே பிடித்த வாயு, எண்ணெயை வெளியே தள்ள எண்ணெய்க் கிணற்றுக்குப் போனது. எண்ணெய் விலை விழுந்ததும் 2020 மே மாதம் நிறுத்தினார்கள், 2023-ல்தான் திரும்ப ஓட்டினார்கள். வேதியியல் தோற்கவில்லை, விலை தோற்றது. நம் கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு 2004-ல் வேலை தொடங்கி 2010-ல் முடிப்பதாக இருந்தது. உலையின் மையத்தில் பாகங்களை ஏற்றத் தொடங்கவே 2024 மார்ச் ஆனது. அங்கே வேலை செய்தவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திரவ சோடியத்தோடு மல்லுக்கட்டுவது அப்படித்தான். ஆனால் 2010 என்று எழுதிய திட்டக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி பேட்டரி. "ஆய்வகத்தில் அபாரக் கண்டுபிடிப்பு" என்று பத்திரிகையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது செல்லின் அளவை. பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவு காயின் செல்லாக இருக்கும். அதில் லித்தியமும் திரவமும் தேவைக்குமேல் நிரம்ப இருக்கும். வியாதி வெளியே தெரியாது. ஏற்றிய மின்னூட்டத்தில் 99.9 சதவீதம் திரும்ப வருகிறது என்பார்கள், கேட்க நன்றாக இருக்கும். லித்தியம் அளவாகப் போட்ட நிஜ செல்லில், ஒவ்வொரு தடவையும் அந்த 0.1 சதவீதம் போனால் 200 தடவை ஏற்றி இறக்குவதற்குள் கொள்ளளவு 82 சதவீதத்துக்கு வந்துவிடும். 99.99 கிடைத்தால்தான் 2,000 தடவை தாங்கும். அந்த ஒரு இலக்கத்துக்குள்தான் எங்கள் ஆட்களின் பத்து வருஷம், பதினைந்து வருஷம் போகிறது.

ஆகையால் மாற்று ஏற்பாடு என்பது தோற்றபின் தேடுவது அல்ல. லித்தியம் கிடைக்காமல் போனால் சோடியம் என்றால், சோடியத்துக்கு இன்றே சோறு போட வேண்டும். சோடிய பேட்டரி கனம்தான். அதே எடைக்குக் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் மில்லில் ஓரமாக உட்காரும் பேட்டரிக்கு எடையைப் பற்றி என்ன கவலை? செம்புத் தகடுக்குப் பதில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். கிராஃபைட்டும் வேண்டாம், வேறு வகைக் கார்பன் போட வேண்டும்.

கிராஃபைட் என்றதும் ஒன்று. நம் சிவகங்கையிலேயே அது கிடைக்கிறது, தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் தோண்டுகிறது. ஆனால் பேட்டரிக்குள் போக அதை 99.95 சதவீதத்துக்குச் சுத்தம் செய்து, செதிலை உருண்டையாக்க வேண்டும். உலகுக்கு அந்தப் பக்குவத்தைப் பெரும்பாலும் செய்துகொடுப்பது சீனா. 2023 டிசம்பரிலிருந்து அனுமதி வாங்கித்தான் ஏற்றுமதி என்று விதி போட்டுவிட்டார்கள்.

---

சிங்கை கிட்டங்கி (சிங்கப்பூர், பூர்வீகம் பள்ளத்தூர்)

பேரேடு அண்ணன் வராக்கடன் என்றதும் பர்மாதான் ஞாபகம் வந்தது. நம்மாட்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனது வட்டிக்குக் கொடுக்க, மிராசுதார் ஆக அல்ல. 1930 மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் கால்பங்கு. ஐந்தொகையில் பார்த்தால் சொத்து குறையவே இல்லை. ஆனால் எல்லாம் ஒரே ஊரில், தூக்கிக்கொண்டு வர முடியாத நிலமாக. 1942-ல் ஜப்பான் குண்டு விழுந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கதை இருக்கும். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. மலாயாவிலும் சிலோனிலும் சைகோனிலும் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த குடும்பங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டன.

சோலார் பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். காத்தாடியிலும் மின்கார் மோட்டாரிலும் போகும் காந்தத்துக்கு டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற அரிய உலோகங்கள் வேண்டும். அந்தத் தாது சீனாவுக்கே பெருமளவு எங்கிருந்து போகிறது தெரியுமா? கச்சின் மாநிலத்திலிருந்து. மறுபடியும் பர்மா! 2024 கடைசியில் அங்கே சுரங்கப் பகுதியைக் கிளர்ச்சிப் படை பிடித்ததும் சந்தையே ஆடியது.

நான் இருக்கும் ஊரில் மின்சாரம் 95 சதவீதம் இயற்கை எரிவாயு. ஆஸ்திரேலியப் பாலைவன வெயிலைக் கடலடிக் கம்பியில் கொண்டுவரும் திட்டத்தை எல்லோரும் ஆவலாகப் பேசினார்கள். 2023 ஜனவரியில் அந்தக் கம்பெனி முதலீட்டாளர் தகராறில் திவால் கணக்கைப் பார்க்கும் வெளி நிர்வாகிகள் கைக்குப் போனது. பிறகு கைமாறி இன்னும் பேச்சில் இருக்கிறது. அதை மட்டும் நம்பி இங்கே யாரும் உட்காரவில்லை, பல நாடுகளோடு தனித்தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

---

மின்மினி99

சரி, ஒத்துக்குறேன், கேள்வி நியாயமான கேள்வி. ஆனா என் பயம் போகல. மாற்று ஏற்பாடுன்னு எழுதுற கையோட "அதுவரைக்கும் புது நிலக்கரி ஆலை ரெண்டு"ன்னு எழுதிடுவாங்க. கட்டிட்டா நாப்பது வருஷம் ஓட்டாம விடுவாங்களா?

இன்னொண்ணு. இதே தில்லுமுல்லு எதிர்ப்பக்கமும் நடக்குது. "2050-ல புகையைப் பிடிச்சு மண்ணுக்குள்ள அனுப்பிடுவோம்"னு கணக்குல எழுதிட்டு இன்னைக்கு ஆலை கட்டுறாங்களே, அதுவும் வராத தொழில்நுட்பத்தை அடகு வச்சுத்தானே? நிலக்கரி சேர்க்காத ஒரு மாற்று ஏற்பாட்டை யாராவது எழுதிக் காட்டுங்க பாப்போம்.

---

முற்றத்து வெயில் (கானாடுகாத்தான்)

முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். எல்லாரும் எதை வைத்து உற்பத்தி என்றே பேசுகிறீர்கள். ஏழு மணி ஏசியைப் பற்றி தெக்கத்திக்காத்து அண்ணன் மட்டும் ஒரு வரி எழுதினார்.

இந்திய அரசின் 2019 குளிரூட்டல் செயல்திட்டமே, 2037-38-க்குள் குளிரூட்டும் தேவையில் 20 முதல் 25 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். சாதா மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் பக்கம். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்பு போய்ச் சேர்ந்தது. வருமா வராதா என்று யாரும் காத்திருக்கவில்லை. மின்மினி கேட்ட மாற்று ஏற்பாட்டின் முதல் வரி இதுதான்.

---

புதுவயல் உமி

ஆச்சி, அதுக்காக எல்லாரும் முற்றம் வச்சு ரெண்டுகட்டு வீடு கட்ட முடியுமா? அடி என்ன விலை விக்குது தெரியுமா?

---

முற்றத்து வெயில்

கட்டச் சொல்லவில்லையே அண்ணே! அந்த வீடுகள் பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் வைத்துக் கட்டியவை, அதை மாதிரி என்று சொன்னால் ஊர் சிரிக்கும். நான் சொல்வது கான்கிரீட் தளத்துக்கு மேல் வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ போடுவது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாய்ப்பு இறக்குவது. பல பேர் மேற்குப் பக்கம் கண்ணாடி வைத்து உள்ளே திரை போடுகிறார்கள். வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்?

---

பேரேடு

மின்மினிக்காக எழுதிப் பார்க்கிறேன். தேதிகள் என்னுடையவை, அடித்துத் திருத்துங்கள்.

முற்றத்து வெயில் சொன்னது முதலில். அது எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் வராவிட்டாலும் வீண் போகாது.

அடுத்து, 2035-க்குள் இந்தியாவில் ஒரு நிலக்கரி ஆலையிலாவது கரிவாயு பிடிப்பு முழு அளவில், சொன்ன செலவில் ஓடவில்லை என்றால் 2070 கணக்கிலிருந்து அந்த வரியை அடிக்க வேண்டும். அடித்த அளவுக்கு எந்தெந்த ஆலை முன்கூட்டியே மூடும் என்ற பட்டியலை இன்றே இணைக்க வேண்டும். தோற்றால் நிலக்கரி நீடிக்கும் என்பதற்குப் பதில், தோற்றால் நிலக்கரி சீக்கிரம் மூடும் என்று எழுதினால் மின்மினியின் பயம் பாதி தீரும்.

தூய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனுக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030-ல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்றார்கள். அது பாதி வந்தாலும் எனக்குச் சந்தோஷம். ஆனால் குறைந்து வந்தால் முதல் பங்கு உரத்துக்கும் உருக்குக்கும், காருக்குக் கிடையாது என்று இப்போதே எழுத வேண்டும். உமி அண்ணனின் ஃபீட் பம்பு மாதிரி.

பழைய அனல் ஆலைகளை உடைக்காமல், ஓட்டாமல், காத்திருப்பில் வைத்து அதற்கு வாடகை கொடுக்கலாம். வேண்டாம் என்றாலும் சில வருஷம் இது தேவைப்படும்.

---

தெக்கத்திக்காத்து

கடைசி வரி மட்டும் ஒத்துக்க மாட்டேன். அனல் ஆலை என்ன ஜெனரேட்டரா, சாவி போட்டதும் ஓட? தூத்துக்குடியில அஞ்சு யூனிட், ஒவ்வொண்ணும் 210 மெகாவாட், முதல் யூனிட் 1979. ஆறிப்போன பாய்லரைச் சூடேத்தி லைன்ல சேர்க்கப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா குழாய் வெடிக்கும். வருஷத்துல பத்து நாள் ஓடப்போற ஆலைக்கு வருஷம் முழுக்க ஆளு, எண்ணெய், பராமரிப்பு. ஓடுற ஆலையைக் குறைச்சு ஓட்டுறதுதான் நடைமுறை. 40 சதவீதம் வரைக்கும் எறக்கி ஓட்டணும்னு 2023-ல மத்திய மின்சார ஆணையம் விதியே போட்டிருக்கு. அதுக்கும் பழைய பாய்லர் தாங்குமாங்கறது தனிக்கதை. அந்த வாடகைக் காசை மலையில தண்ணி ஏத்துறதுல போடுங்க.

---

மின்மினி99

மூடுற பட்டியலை முன்னாடியே இணைக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. எந்த அரசும் கையெழுத்துப் போடாதுங்கறது வேற விஷயம். வாடகை விஷயத்துல நான் காத்து அண்ணன் பக்கம்.

---

பேரேடு

வாடகை வரியை அடிக்க எனக்கு மனமில்லை. தண்ணீர் ஏற்ற மலை வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும், பத்து வருஷம் வேண்டும். அதுவும் சொன்ன தேதிக்கு வராத பட்டியலில்தான் வரும்.

---

புதுவயல் உமி

நீங்க பேசிக்கிட்டு இருங்க. சோதனைக்குழாய் ஐயா, எனக்கு ஒரு வேலை இருக்கு. கூரையில கெடக்குறதை லைன் போனாலும் ஓடுற மாதிரி மாத்தணும். ஹைபிரிட் இன்வெர்ட்டர்னு ஒருத்தர் விலை கொடுத்திருக்காரு, பேட்டரியோட. ஃபீட் பம்பு ஏழரை எச்.பி., பாய்லர் ஃபேன் இருபது. ரெண்டையும் அதுல ஏத்தலாமா?

---

சோதனைக்குழாய்

ஃபேனை ஏற்றாதீர்கள், அது ஜெனரேட்டரிலேயே இருக்கட்டும். பம்பை மட்டும் ஏற்றுங்கள். நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு அந்த ஒரு நொடியில் இழுக்கும், இன்வெர்ட்டர் படுத்துவிடும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி போட்டு மெதுவாகக் கிளப்பினால் சின்ன இன்வெர்ட்டரே போதும். பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பாய்லர் பக்கம் வைக்கவே வேண்டாம், சூட்டில் ஆயுசு பாதியாகிவிடும்.

---

புதுவயல் உமி

கணக்குப்பிள்ளை ரூம்ல ஏசி ஓடுது. அங்க வைக்கலாமா?

---

சோதனைக்குழாய்

ராத்திரி அங்கே யாராவது படுக்கிறார்களா? படுத்தால் வேண்டாம். இல்லையென்றால் வைக்கலாம், ஜன்னலை அடைக்காமல். ஏசியை 26-ல் வைக்கச் சொல்லுங்கள், முற்றத்து வெயில் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.